கணினியில் குடியேறும் விளம்பரங்கள்

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை நெருங்கும் நாட்களில் எமது மாணவிகள் இணையத்தில் அதிகம் தேடுவது கடந்தகால வினாத்தாள்களைத்தான். தேடிய வினாத்தாளின் பெயரிலேயே ஒரு பக்கம் திறக்கும். அதில் பச்சை நிறத்தில் ‘டவுன்லோட்’ என்று எழுதிய பெரிய பட்டன்கள் மூன்று நான்கு இருக்கும். பல வேளைகளில் அவை அத்தனையுமே விளம்பரங்கள். உண்மையான வினாத்தாள் பக்கத்தின் அடியில், சிறிய நீல எழுத்தில், யார் கண்ணிலும் படாமல் கிடக்கும். அவசரத்தில் பச்சைப் பட்டனை அழுத்தினால் சிறியதொரு கோப்பு இறங்கும். அதைத் திறந்தால் ‘நெக்ஸ்ட்’, ‘நெக்ஸ்ட்’, ‘ஐ அக்ரீ’, ‘ஃபினிஷ்’. வினாத்தாள் வரவில்லையே என்று வேறொரு பக்கத்துக்குப் போய்விடுவோம்.

மறுநாள் கணினியைத் திறக்கும்போது கூகுள் இருந்த இடத்தில் பெயர் தெரியாத ஒரு தேடற்பக்கம் நிற்கும். திரையின் வலது மூலையில் ஒவ்வொன்றாக விளம்பரங்கள் எட்டிப் பார்க்கும். எந்த இணைப்பை அழுத்தினாலும் கூடவே இன்னொரு பக்கமும் திறக்கும். சூதாட்டம், ‘பழகத் துணை தேடுகிறீர்களா’ என்ற அழைப்பு, அரைகுறை ஆடைப் படம், ‘உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்கள்’ என்ற சிவப்பு எச்சரிக்கை என்று வரிசையாக வரும்.

நம் வீடுகள் பலவற்றில் கணினி ஒன்றுதான். அது ஹோலில், எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் இருக்கும். வாப்பா அருகில் அமர்ந்திருக்கும் நேரத்தில் அப்படியொரு படம் திரையில் தோன்றினால் என்ன நடக்கும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. “நீ எதைப் பார்த்தாய்?” என்ற கேள்விதான் முதலில் வரும். பிள்ளையிடம் பதில் இருக்காது. அடுத்த நாளிலிருந்து இணையத் தொடர்பு நிறுத்தப்படும், அல்லது கணினி நானாவின் அறைக்குப் போகும். இதற்குப் பயந்தே பல மாணவிகள் விடயத்தை மறைக்கிறார்கள். மறைக்க மறைக்க அந்த மென்பொருள் கணினியில் வசதியாகக் காலூன்றிக்கொள்கிறது.

ஆகவே பெற்றோருக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திரையில் தோன்றும் ஆபாச விளம்பரம், அந்தப் பிள்ளை எதைப் பார்த்தாள் என்பதற்குச் சாட்சி அல்ல. பெரிய நிறுவனங்களின் விளம்பரங்கள் நாம் தேடியவற்றை ஓரளவு பின்தொடர்வது உண்மை. சப்பாத்து தேடினால் இரண்டு நாளைக்குச் சப்பாத்தாகவே வரும். ஆனால் இங்கே பேசப்படும் விளம்பரங்கள் அந்த வழியில் வருபவை அல்ல. நற்பெயருள்ள விளம்பர வலையமைப்புகள் ஏற்க மறுக்கும் சூதாட்டக்காரரும் மோசடிக்காரரும்தான் இத்தகைய மென்பொருள்களிடம் போகிறார்கள். அங்கே யார் பார்க்கிறார், வயது என்ன என்றெல்லாம் கவலை இல்லை. கணிதப் பாடம் தேடிய பிள்ளைக்கும் அதே படம்தான், கிரிக்கெட் பார்த்த வாப்பாவுக்கும் அதே படம்தான்.

இவற்றை ஆங்கிலத்தில் அட்வெயார் என்பார்கள். நாம் விளம்பர மென்பொருள் எனலாம். வைரஸிலிருந்து இது ஒரு முக்கியமான விடயத்தில் வேறுபடுகிறது. வைரஸ் நம்மைக் கேட்காமல் நுழையும். விளம்பர மென்பொருளோ பெரும்பாலும் கேட்டுவிட்டுத்தான் நுழைகிறது. கேட்கும் விதம்தான் தந்திரமானது. நாம் விரும்பிய செயலியை நிறுவும்போது இடையில் ஒரு திரை வரும். அதில் ஏற்கெனவே ‘சரி’ அடையாளம் இடப்பட்ட சிறிய பெட்டி ஒன்று இருக்கும். ‘இன்னின்ன கருவிப்பட்டையையும் நிறுவ, இதையே என் முகப்புப் பக்கமாக்கச் சம்மதிக்கிறேன்’ என்று மங்கிய எழுத்தில் ஒரு வரி. அடையாளத்தை எடுத்துவிடாமல் ‘நெக்ஸ்ட்’ அழுத்தினால் நாம் சம்மதித்ததாக ஆகிவிடுகிறது. பிறகு யாரும் கேள்வி கேட்டால் “நீங்கள்தானே ஒப்புக்கொண்டீர்கள்” என்று அந்த நிறுவனம் கையை விரிக்கும். வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் சிலவும் நெடுங்காலம் இவற்றைத் தொடத் தயங்கியதற்கு இதுவே காரணம். இன்றும் இவற்றுக்கு ‘விரும்பத்தகாததாக இருக்கக்கூடிய செயலி’ என்று சுற்றிவளைத்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இதில் பணம் எங்கிருந்து வருகிறது? ஒவ்வொரு கணினியில் நிறுவப்படும்போதும் கொண்டுபோய்ச் சேர்த்தவருக்கு ஒரு சிறு தொகை. விளம்பரம் தோன்றும்போதும் அழுத்தப்படும்போதும் இன்னொரு தொகை. நமது தேடலைத் தமது தேடற்பக்கத்தின் வழியாகத் திருப்பிவிட்டால் அதற்கும் கூலி. ஒரு கணினியிலிருந்து கிடைப்பது சில சதங்கள்தான். அந்தச் சதங்களை மில்லியன் கணக்கான கணினிகளால் பெருக்கிப் பாருங்கள். விஎல்சி என்ற காணொளிச் செயலியை நம்மில் பலர் பயன்படுத்துகிறோம். அதை வழங்கும் வீடியோலேன் அமைப்பின் தலைவர் ஜோன் பப்டிஸ்ட் கெம்ப், விளம்பரத்தைச் சேர்த்துக்கொள்ளும்படி வந்த பல மில்லியன் யூரோ பெறுமதியான அழைப்புகளை மறுத்ததாகச் சொல்லியிருக்கிறார். எல்லோரும் மறுப்பதில்லை.

கதை பழையது. பொன்சி படி என்ற பெயரில் ஊதா நிறக் கொரில்லா ஒன்று முன்னொரு காலத்தில் கணினித் திரைகளில் உலாவியது. அது பேசும், பாடும், நகைச்சுவை சொல்லும். சிறுவர்கள் விரும்பி நிறுவினார்கள். நிறுவியவர்களிடம் பெயர், முகவரி, வயது எல்லாம் கேட்கப்பட்டன. பதின்மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் விபரங்களைப் பெற்றோரின் அனுமதியின்றித் திரட்டியமைக்காக 2004இல் அந்த நிறுவனம் அமெரிக்க சமஷ்டி வர்த்தக ஆணைக்குழுவுக்கு 75,000 டொலர் செலுத்த நேர்ந்தது. இரண்டு வருடங்களின் பின், 2006இல், சேங்கோ என்ற நிறுவனம் இதே ஆணைக்குழுவுடன் 3 மில்லியன் டொலருக்கு இணக்கத்துக்கு வந்தது. மக்களுக்குத் தெரியாமல் விளம்பர மென்பொருளை நிறுவியது, எளிதில் நீக்க முடியாதபடி செய்தது என்பவையே குற்றச்சாட்டுகள்.

‘தெரியாத தளத்துக்குப் போகாதே’ என்று பிள்ளைகளுக்குச் சொல்வதோடு பலர் நிறுத்திவிடுகிறோம். தெரிந்த தளங்களும் இதைச் செய்திருக்கின்றன. 2011இல் சீநெட் நிறுவனத்தின் டவுன்லோட் டொட் கொம் தளம், பிறர் உருவாக்கிய செயலிகளைத் தனது சொந்த நிறுவியால் சுற்றி, கருவிப்பட்டைகளையும் சேர்த்து வழங்கத் தொடங்கியது. என்மெப் என்ற செயலியை உருவாக்கிய கோர்டன் லயன் அந்த டிசெம்பரில் இதைப் பகிரங்கமாகக் கண்டித்தார். இலவச மென்பொருள்களின் தாய்வீடாகக் கருதப்பட்ட சோர்ஸ்ஃபோர்ஜ் தளமும் அதே வழியில் போனது. படங்களைத் திருத்தும் கிம்ப் செயலியின் குழுவினர் 2013இல் அத்தளத்தைவிட்டு வெளியேறினார்கள். 2015இல், அவர்கள் விட்டுச்சென்ற பக்கத்திலேயே விளம்பரம் சேர்த்த கிம்ப் வழங்கப்படுவது தெரியவந்து பெரும் எதிர்ப்பு எழுந்தது. மறுவருடம் தளத்தை வாங்கிய புதிய உரிமையாளர்கள் அந்த வழக்கத்தை நிறுத்தினார்கள்.

இவை எல்லாவற்றையும்விட லெனோவோ விவகாரம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ஏனெனில் அங்கே பயனாளர் எதையும் தரவிறக்கவே இல்லை. 2014 இன் பிற்பகுதியில் விற்பனைக்கு வந்த அந்நிறுவனத்தின் மடிக்கணினிகள் பலவற்றில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் பெட்டியைத் திறக்கும்போதே உள்ளே இருந்தது. இணையத்தில் ஒரு பொருளின் படத்தைப் பார்த்தால் அதைப்போன்ற பொருட்களின் விளம்பரங்களைக் காட்டுவது அதன் வேலை.

அதற்காக அது செய்த காரியம்தான் பயங்கரமானது. வங்கி, மின்னஞ்சல் போன்ற தளங்களைத் திறக்கும்போது சில மேலோடிகளில் முகவரியில் ஒரு பூட்டு அடையாளம் வரும் அல்லவா? அந்தத் தளத்துக்கும் நமக்கும் இடையில் செல்லும் தகவலை வேறு யாரும் வாசிக்க முடியாது என்பது அதன் பொருள். ‘இது உண்மையான வங்கித் தளம்தான்’ என்று உறுதிப்படுத்தும் டிஜிட்டல் சான்றிதழை வைத்தே கணினி அதை நம்புகிறது. சூப்பர்ஃபிஷ் தன்னுடைய சான்றிதழ் ஒன்றைக் கணினியின் நம்பிக்கைப் பட்டியலில் சேர்த்துவிட்டு, இடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் திறந்து விளம்பரத்தைச் செருகியது. வீட்டுக்கு வரும் கடிதங்களையெல்லாம் உடைத்து, துண்டுப்பிரசுரத்தை உள்ளே வைத்து, மீண்டும் ஒட்டி அனுப்பும் தபாற்காரனை நினைத்துக்கொள்ளுங்கள். அத்துடன், எல்லாக் கணினிகளிலும் வைக்கப்பட்டது ஒரே திறவுகோல். 2015 பெப்ரவரியில் பாதுகாப்பு ஆய்வாளர் ரொபர்ட் கிரஹாம் சில மணித்தியாலங்களில் அதன் கடவுச்சொல்லைக் கண்டுபிடித்து வெளியிட்டார். அதன் பின் பொது வைஃபை ஒன்றில் அருகில் இருக்கும் எவரும் அந்தக் கணினிகளை ஏமாற்றிப் போலித் தளத்தைக் காட்ட முடியும் என்ற நிலை. மென்பொருளை நீக்கினாலும் சான்றிதழ் அங்கேயே தங்கியது. அதைத் தனியாக நீக்க வேண்டியிருந்தது. சில நாட்களுக்குள் விண்டோஸின் டிஃபென்டர் இரண்டையும் சேர்த்து நீக்கும்படி புதுப்பிக்கப்பட்டது. 2017இல் லெனோவோ மேற்சொன்ன வர்த்தக ஆணைக்குழுவுடனும் அமெரிக்காவின் 32 மாநிலங்களுடனும் இணக்கத்துக்கு வந்து, மாநிலங்களுக்கு 3.5 மில்லியன் டொலர் செலுத்தியது.

விளம்பரம்தானே, கண்ணை மூடிக்கொண்டால் போகிறது என்று நினைப்பவர்களுக்காக இதை விரிவாக எழுதினேன். விளம்பரத்தைச் செருகுவதற்கு ஒரு மென்பொருள் நம் பக்கங்களை வாசிக்க வேண்டும். வாசிக்கக்கூடியது கடவுச்சொல்லையும் வாசிக்கும்.

இனி, வந்துவிட்டால் என்ன செய்வது? பலர் கணினியைத் தூக்கிக்கொண்டு திருத்தும் கடைக்குப் போகிறார்கள். நல்ல கடைகள் உண்டு. ஆனாலும் குடும்பத்துத் திருமணப் படங்களும் பிள்ளைகளின் படங்களும் நிறைந்த கணினியை யாரோ ஒருவர் கையில் இரண்டு நாட்கள் விட்டுவிட்டு வருவது எந்த உம்மாவுக்கும் நிம்மதி தராது. மேலும் சில இடங்களில் எதையும் தேடாமல் முழுவதையும் அழித்து, உரிமம் இல்லாத விண்டோஸ் ஒன்றைப் போட்டுத் தந்துவிடுகிறார்கள். பூட்டை உடைத்து வரும் அத்தகைய ‘கிரெக்’ மென்பொருள்கள்தான் விளம்பர மென்பொருளின் மிகப்பெரிய வாகனம். சுத்தமாக்கக் கொடுத்த கணினி புதிய அழுக்குடன் திரும்பிவரும். வீட்டிலேயே ஓர் அரைநாளில் செய்துவிடக்கூடிய வேலை இது.

முதலில் பார்க்க வேண்டியது, அது உண்மையிலேயே விளம்பர மென்பொருளா என்பதை. வலது மூலையில் எட்டிப் பார்க்கும் விளம்பரத்தை உற்று நோக்குங்கள். அதில் குரோம் அல்லது எட்ஜ் என்ற பெயரும் ஏதோவொரு தளத்தின் முகவரியும் சிறியதாக எழுதியிருந்தால், கணினியில் எதுவுமே நிறுவப்படவில்லை என்றுதான் பெரும்பாலும் பொருள். ‘நீங்கள் ரோபோ அல்ல என்பதை உறுதிப்படுத்த அலவ் என்பதை அழுத்துங்கள்’ என்று ஒரு தளம் கேட்டிருக்கும். அழுத்தியவுடன், அறிவித்தல் அனுப்பும் உரிமையை அதற்குக் கொடுத்துவிட்டோம். குரோமின் செட்டிங்ஸில் ‘பிரைவசி அன்ட் செக்கியூரிட்டி’, அதற்குள் ‘சைட் செட்டிங்ஸ்’, அதற்குள் ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ என்று போனால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாதவற்றை நீக்கிவிட்டால் ஒரு நிமிடத்தில் தொல்லை முடிந்தது. இந்த ஒரு நிமிட வேலைக்காகக் கணினி முழுவதையும் அழித்தவர்கள் இருக்கிறார்கள்.

அப்படியும் நிற்கவில்லை என்றால் விண்டோஸின் செட்டிங்ஸில் ‘ஆப்ஸ்’ பகுதிக்குச் சென்று, நிறுவப்பட்டுள்ள செயலிகளின் பட்டியலைத் திகதி வாரியாக வரிசைப்படுத்துங்கள். தொல்லை தொடங்கிய நாளையொட்டி நிறுவப்பட்டவை மேலே வரும். பிடிஎஃப் மாற்றி, கணினியை வேகமாக்கும் கருவி, டிரைவர் புதுப்பிப்பான், கூப்பன் தேடி என்பவை இவர்களுக்குப் பிடித்தமான வேடங்கள். நீக்கும்போது அவசரப்படாதீர்கள். சிலவற்றின் நீக்கும் திரையிலேயே கண்ணி இருக்கும். ‘நீக்காமல் வைத்திரு’ என்பது பெரிய வண்ணப் பட்டனாகவும் ‘நீக்கு’ என்பது சாம்பல் நிற எழுத்தாகவும் காணப்படும். அதேநேரம் தெரியாத பெயர் எல்லாவற்றையும் அழித்துவிடவும் கூடாது. மைக்ரோசொஃப்ட், இன்டெல், ரியல்டெக் முதலிய பெயர்களில் உள்ளவை கணினி இயங்கத் தேவையானவை. ஐயமிருந்தால் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு நீக்குங்கள்.

ஓர் எச்சரிக்கை. ‘இதை நீக்குவது எப்படி’ என்று தேடும்போது வரும் பக்கங்களில் பல, இரண்டு பந்தி விளக்கம் எழுதிவிட்டு ஒரு ‘சுத்தமாக்கும் கருவி’யைத் தரவிறக்கச் சொல்லும். அது இலவசமாகச் சோதிக்கும், நூறு குறைகள் கண்டுபிடிக்கும், நீக்கப் பணம் கேட்கும். நோயாளிகளைத் தேடி அலையும் போலி வைத்தியம் அது. நம்பக்கூடியவை இரண்டு போதும். ஒன்று விண்டோஸுடன் வரும் ‘விண்டோஸ் செக்கியூரிட்டி’. அதில் ‘ஆப் அன்ட் பிரவுசர் கொன்ட்ரோல்’ பகுதியில், விரும்பத்தகாத செயலிகளைத் தடுக்கும் வசதி இயங்குகிறதா என்று பார்த்துவிட்டு முழுச் சோதனையை நடத்துங்கள். மற்றது அட்வ்கிளீனர். இந்த வகை மென்பொருளை நீக்குவதற்கென்றே உருவான, நிறுவத் தேவையில்லாத, சிறிய இலவசக் கருவி. 2016 முதல் அது மல்வெயார்பைட்ஸ் நிறுவனத்தினுடையது. அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே எடுங்கள். அதன் பெயரிலேயே போலிகள் உலாவியிருக்கின்றன.

அடுத்து இணைய மேலோடி. குரோம், எட்ஜ், ஃபயர்பொக்ஸ் மூன்றிலும் ‘எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்ற நீட்சிகளின் பட்டியல் உண்டு. தெரியாததையும் பயன்படுத்தாததையும் நீக்குங்கள். நேற்றுவரை நல்லதாக இருந்த நீட்சி இன்று கெட்டுப்போவதும் உண்டு. ‘அட் டு ஃபீட்லி’ என்ற பயனுள்ள நீட்சியை அதை உருவாக்கியவரிடமிருந்து யாரோ விலைக்கு வாங்கி, பின்னர் ஒரு புதுப்பிப்பில் விளம்பரத்தைச் சேர்த்துவிட்டது 2014 ஜனவரியில் தெரியவந்தது. பயன்படுத்தியவர்களுக்கு எதுவும் தெரியவில்லை, ஏனெனில் புதுப்பிப்பு தானாகவே நடந்தது. கூகுள் பின்னர் அதை அகற்றியது. நீக்கிய நீட்சி மறுநாள் மீண்டும் வந்து நின்றால் பேய் பிசாசு என்று பயப்பட வேண்டாம். உங்கள் கூகுள் கணக்கு வேறொரு கணினியிலும் திறந்திருக்கலாம். அங்கிருந்து அது ஒத்திசைவு வழியாகத் திரும்பி வருகிறது. இரண்டிலும் நீக்க வேண்டும்.

பின்னர் மேலோடியின் செட்டிங்ஸில் உள்ள ‘ரீசெட்’ வசதியைப் பயன்படுத்துங்கள். முகப்புப் பக்கமும் தேடற்பொறியும் பழைய நிலைக்கு வரும், நீட்சிகள் முடக்கப்படும். புத்தகக்குறிகளும் சேமித்த கடவுச்சொற்களும் அழியா. இதன் பிறகும் திறந்தவுடன் அந்தப் பழைய பக்கமே வந்தால், திரையிலுள்ள குரோம் குறும்படத்தின் மேல் வலது கிளிக் செய்து ‘புரொப்பர்டீஸ்’ போய் ‘டார்கெட்’ என்ற பெட்டியைப் பாருங்கள். மேலோடியின் கோப்புப் பெயர் முடிந்த பின் ஓர் இணையத்தள முகவரி ஒட்டிக்கொண்டிருந்தால் அதை அழித்துவிடுங்கள். எவ்வளவு சோதித்தாலும் அகப்படாமல் ஒளிந்திருக்கும் இடம் இது.

கணினியை மீள இயக்கும் ஒவ்வொரு முறையும் தொல்லை உயிர்பெற்றால், ‘டாஸ்க் மனேஜர்’ திறந்து ‘ஸ்டார்ட்அப்’ பகுதியில் தெரியாதவற்றை முடக்குங்கள். அதுவும் உதவாவிட்டால் கடைசி வழி, விண்டோஸின் ‘ரீசெட் திஸ் பீசீ’. ‘என் கோப்புகளை வைத்திரு’ என்பதைத் தெரிவுசெய்தால் படங்களும் ஆவணங்களும் இருக்கும், நிறுவிய செயலிகள் போய்விடும். அதற்கு முன் முக்கியமானவற்றை ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். ஆவணங்களும் படங்களும் மட்டும். பழைய நிறுவற் கோப்புகளைக் கொண்டுபோக வேண்டாம், நோய் அவற்றில்தான் இருக்கும். எல்லாம் முடிந்த பின் மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை மாற்றுங்கள். முடியுமுன் மாற்றினால் புதியதையும் அதனிடமே கொடுத்ததாகும்.

திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு, சத்தமிட்டு, ‘உடனே இந்த இலக்கத்தை அழையுங்கள்’ என்று மிரட்டும் பக்கங்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை. ஓர் இணையப் பக்கத்தால் நம் கணினியிலுள்ள வைரஸ்களை எண்ண முடியாது. அது வெறும் படம். ஓல்ட் விசையையும் எஃப்4 விசையையும் சேர்த்து அழுத்தி மூடிவிடுங்கள். யாரையும் அழைக்க வேண்டாம்.

வராமல் தடுப்பதற்கு நான் வகுப்பில் முதலில் சொல்லிக்கொடுப்பது கோப்பின் வாலைப் பார்க்கும் பழக்கத்தை. வினாத்தாள் என்றால் அது பிடிஎஃப் என்று முடிய வேண்டும். தமிழ் எழுத்துரு என்றால் டிடிஎஃப் அல்லது ஓடிஎஃப். இஎக்ஸ்இ அல்லது எம்எஸ்ஐ என்று முடிவது இயங்கும் செயலி. வினாத்தாள் கேட்ட இடத்தில் செயலி கிடைத்தால் அதைத் திறக்காமலே அழித்துவிடலாம். பாமினி எழுத்துரு தேடிப் போய்க் கணினியைக் கெடுத்துக்கொண்டவர்கள் எல்லோரும் திறந்தது இஎக்ஸ்இ கோப்பைத்தான். விண்டோஸ் இந்த வாலை இயல்பாகவே மறைத்து வைத்திருக்கிறது. ஏன் மறைக்க வேண்டும் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கோப்புறையின் ‘வியூ’ பகுதியில் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதற்குச் சரியடையாளம் இட்டால் வெளியே தெரியும்.

வினாத்தாளுக்கும் பாடநூலுக்கும் பச்சைப் பட்டன் தளங்களை நாட வேண்டிய அவசியமே இல்லை. பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் தமிழிலேயே இலவசமாகப் பெறலாம். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் பாடங்களும் பயிற்சிகளும் உள்ளன. செயலிகளை உருவாக்கியவரின் தளத்தில் எடுங்கள். கூகுளில் தேடும்போது மேலே ‘ஸ்பொன்சர்ட்’ என்ற குறியுடன் வருபவை பணம் கொடுத்து அங்கே நிற்பவை. பிரபலமான செயலிகளின் பெயரில் போலித் தளங்கள் அந்த இடத்தை வாங்கிய சம்பவங்கள் பல. கொஞ்சம் கீழே இறங்கி, முகவரியை எழுத்தெழுத்தாக வாசித்துவிட்டுப் போங்கள். நிறுவும்போது ‘எக்ஸ்பிரஸ்’, ‘கஸ்டம்’ என்று இரண்டு வழி காட்டினால் எப்போதும் ‘கஸ்டம்’. நேரம் அரை நிமிடம் கூடும், ஒளித்துவைத்த பெட்டிகள் கண்ணில் படும்.

பெற்றோர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. அது கணினியைப் பூட்டி வைப்பதல்ல. விண்டோஸில் ஆளுக்கொரு கணக்கு அமைக்கலாம். நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல் உம்மாவிடமோ வாப்பாவிடமோ இருக்கட்டும். பிள்ளைகளுக்கும், சொல்லப்போனால் பெரியவர்களின் அன்றாடப் பாவனைக்கும், சாதாரணக் கணக்கு போதும். கணினி முழுவதையும் மாற்றும் எந்த நிறுவலும் அப்போது கடவுச்சொல் கேட்டு நிற்கும். அந்தக் கணத்தில் பிள்ளை வந்து “இது கேட்கிறது, போடலாமா?” என்று கேட்பாள். அந்த ஒரு கணக்கின் எல்லைக்குள் மட்டும் நுழையும் மென்பொருள்களை இது தடுக்காது. ஆனாலும் ஒருவர் கணக்கில் நடந்தது மற்றவர்களைப் பெரும்பாலும் பாதிக்காது, நீக்குவதும் இலகு. அவள் வந்து கேட்கும்போது திட்டினால் அடுத்த முறை கேட்காமலே வேறு வழி தேடுவாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கணினி மேசையில் ஒரு பழைய கொப்பியை வைத்து, எந்தச் செயலியை, எந்தத் திகதியில், யார், எந்தத் தளத்திலிருந்து நிறுவினார் என்று ஒரு வரி எழுதி வரும்படி என் மாணவிகளிடம் சொல்லியிருக்கிறேன். மாதத்துக்கு ஒருமுறை, நிறுவப்பட்ட செயலிகளின் பட்டியலையும் கொப்பியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். பட்டியலில் இருந்து கொப்பியில் இல்லாத பெயர் எதுவோ, கணினியுடன் வந்ததா என்று தேடிப் பார்த்து, இல்லையென்றால் அதிலிருந்து தொடங்குங்கள்.